தம்பி மறுபடி திருடுவான் என்ற கம்ப்யூட்டர்

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவேன். புள்ளிவிவரம் படித்தவர்களைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றுமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாந்தன்பாறைக்கு அப்பால் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் எனக்குக் காய் எடுக்கும் வேலை. என் தம்பி இளவயதில் ஒரு மூட்டை பச்சைக்காய் திருடி ஜெயிலுக்குப் போனவன். அதற்குப் பிறகு ஒரு காயைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். எந்தத் தோட்டத்தில் களவு போனாலும் போலீஸ் முதலில் பழைய ஆளைக் கூப்பிடும். தம்பி போவான், பெயர் கொடுப்பான், சாயங்காலம் வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவான். மழைக்குக் கோபப்படாத மாதிரி இதற்கும் நாங்கள் கோபப்படுவதில்லை.

போன வருஷம் காய் உலர்த்தும் ஸ்டோரில் காவல் வேலை காலியானது. தம்பியைச் சேர்க்க மேனேஜருக்குச் சம்மதம். ஸ்டேஷனிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்தால் போதும். அந்தச் சமயம் பார்த்து ஆராய்ச்சிக்காரர்கள் இருவர் வந்து இறங்கினார்கள். ஸ்டேஷன் பதிவுகளை உள்ளே போட்டால், யார் மறுபடி குற்றம் செய்வார் என்று கம்ப்யூட்டரே சொல்லுமாம். ஜோசியக் கிளிக்காவது ஒரு நெல் கொடுக்க வேண்டும்; இதற்குக் கரண்ட் போதும்.

விவரம் சரிபார்க்க தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார்கள். நான் கொடுத்த பால் விடாத கட்டன்சாயாவை ஊதிக்கொண்டே இளையவர் சொன்னார்:

"உங்க தம்பி ஹை ரிஸ்க்ல வர்றாரும்மா. திரும்பத் திரும்ப ஸ்டேஷன் போயிருக்கார்."

"கூப்புட்டாக, போனேன் சார்," என்றான் தம்பி. "போகலைன்னா அது வேற கேஸாகும்."

"டேட்டாவுல ஒவ்வொண்ணும் ஒரு சம்பவம்தான்."

"அப்பிடிப் பாத்தா, தினமும் ஸ்டேஷனுக்குப் போற ஏட்டய்யாதான சார் பெரிய களவாணி!"

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. சராசரியாகப் பார்த்தால் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்று மூத்தவர் எனக்கு விளக்கினார். ஸ்டோரில் காவல் இருக்கப்போவது சராசரியா, என் தம்பியா என்று கேட்க நினைத்தேன். "இன்னும் கொஞ்சம் சாயா ஊத்தவா சார்?" என்றுதான் வாயில் வந்தது. குடித்தார்கள்.

அன்று சாயங்காலமே, கம்ப்யூட்டர் சொன்னதைக் காட்டி ஸ்டேஷன் கையை விரித்தது. வேலை வேறு ஆளுக்குப் போனது.

மறுநாள் பக்கத்துத் தோட்டத்தில் காய் களவு போனது. தம்பியைக் கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்துவிட்டு வந்தான்.