அரைக் கிலோமீட்டருக்கு வாழ்நாள் வரி

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது பின்னாலேயே வரும். இந்த அரை மணி நேரத்துக்காக என் வீட்டுக்காரர் கேரளாவிலிருந்து ஒரு பழைய டீசல் கார் வாங்கி வந்தார். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எங்கள் ரிட்டயர்மெண்ட் பணத்தில் வாங்கியதாக இல்லாவிட்டால் நானும் சிரித்திருப்பேன்.

அவர் நூல் மில்லில் முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஒரு போல்ட்டு வெளியே போனாலும் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் விடுவார். வீட்டிலும் அப்படித்தான். நான் பிளவுஸ் தைக்கிற ஊசி உடைந்தால் பழைய ஊசியைக் காட்டினால்தான் புது ஊசி வரும். அப்படிப்பட்ட மனுஷன் கார் வாங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது.

மகளை ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் கட்டிக்கொடுத்தோம். கல்யாணத்தன்று சம்பந்தி வீட்டுக் காரில் பொண்ணும் மாப்பிள்ளையும் நானும் சம்பந்தியம்மாவும் ஏறியதும் இடம் நிறைந்துவிட்டது. "நீங்க பின்னால வந்துருங்க" என்றார்கள். யாரும் தப்பாகச் சொல்லவில்லை. இவர் சீர் வெண்கலப் பானையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். வந்து சேர்வதற்குள் மகள் விளக்கேற்றி, பாலும் பழமும் சாப்பிட்டு, சேலை மாற்றியும் முடித்திருந்தாள். மறுநாள் காலை காப்பி டம்ளரைப் பார்த்தபடியே சொன்னார்: "எம்மக வலது கால வச்சு உள்ள போனத நான் பாக்கலட்டி."

"காப்பி ஆறுது" என்றேன்.

மகள் உண்டானாள். ஏழாம் மாசம் புகுந்த வீட்டில் வளைகாப்புப் போட்டு, கை நிறைய வளையலோடு பிள்ளையைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவது எங்கள் வழக்கம். "நம்ம கார்லயே கொண்டாந்து விட்டுருவோம்" என்று சம்பந்தி போனில் சொன்னார். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "வேணாம், எங்க வண்டி வரும்" என்றார். எங்களிடம் அப்போது இருந்த ஒரே வண்டி கிக்கர் உடைந்த மொபெட்.

அடுத்த வாரம் செங்கோட்டையைத் தாண்டிப் போய், கேரள நம்பர் போட்ட வெள்ளைக் காரோடு வந்து இறங்கினார். விலை சல்லிசு என்றார். ஏன் சல்லிசு என்று கேட்டேன். வெளி மாநில வண்டியை நம் பெயருக்கு மாற்ற, இங்கே மறுபடியும் வாழ்நாள் வரி கட்ட வேண்டுமாம்.

"அங்கன கட்டினது?"

"அது அங்கன ஓடினதுக்கு."

"அப்ப வாழ்நாள் வரின்னு ஏன் பேரு வச்சிருக்காவ?"

அவர் ஒரு அட்டவணையை எடுத்து விரித்தார். எங்கிருந்தோ பிரிண்ட் எடுத்து வந்திருந்தார். வண்டிக்கு வயசு ஏற ஏற வரி படிப்படியாக இறங்கும். எங்கள் காருக்குப் பதினாலு வயசு முடிந்து ஒன்பது மாசம். இன்னும் மூன்று மாசம் பொறுத்தால் அதற்குப் பிறந்தநாள் வரும். வரி ஒரு படி இறங்கும். பேனாவால் அந்தக் கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தார். மில்லில் சாமான் கேட்டு வருகிற இண்டெண்ட் சீட்டைப் பார்க்கும்போது வருகிற அதே முகம்.

மூன்று மாசமும் காரை ரோட்டில் காட்டக் கூடாது. செக்கிங்கில் மாட்டினால் அன்றைக்கே வரியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். அதனால் சிமெண்ட் ஆலைத் தூசி பறக்கிற ஆலங்குளத்தில் இருக்கும் தன் தங்கை வீட்டுத் தகரக் கொட்டகையில் கொண்டுபோய் ஒளித்துவைத்தார். ஞாயிற்றுக்கிழமையானால் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பையில் ஒரு பழைய துண்டும் ஷாம்பு பாக்கெட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார். கார் வைத்திருக்கிற மனுஷன், காரைப் பார்க்க பஸ்ஸில் போவார். அங்கே போய் சுண்ணாம்புத் தூசியைத் துடைத்து, செத்த நேரம் இன்ஜினை ஓடவிட்டு, திரும்பவும் பஸ்ஸில் வருவார்.

எதிர்வீட்டுக்காரி ஒருநாள் என் தையல் மிஷின் பக்கத்தில் வந்து குந்தினாள். "மதினி, சொல்றேன்னு தப்பா நெனைக்காதிய. ஞாயித்துக்கிழமையானா அண்ணன் ஷாம்பு பாக்கெட்டோட எங்கயோ போறாவ."

"ஆமா, ஆலங்குளத்துல ஒரு மலையாளத்துக்காரிய வச்சிருக்காவ" என்றேன், துணியிலிருந்து தலையைத் தூக்காமல். "வெள்ள வெளேர்னு இருப்பா. குளிப்பாட்டிட்டு வருவாவ."

அவள் தெருவுக்கே சொல்லி முடிக்க ஒரு நாள்தான் பிடித்தது. சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். கார் வாங்கினோம் என்று சொல்வதைவிட அது மானமாக இருந்தது.

பிறந்தநாளும் வந்தது. இவர் ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனார். நானும் கூடப் போனேன், மகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று. ஆபீஸ் மேஜையில் இருந்த அம்மா ஆர்.சி.யைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், வண்டிக்குப் பதினஞ்சு வருஷம் முடிஞ்சிருச்சே. ஆர்.சி. காலாவதி. எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்கணும், பசுமை வரி கட்டணும், புகைச் சான்று புதுசா வேணும். எல்லை தாண்டி வந்து இத்தனை நாள் ஆனதுக்கு அபராதமும் வரும்" என்றார். குரலில் கோபம் இல்லை. பரிதாபம்தான் இருந்தது.

அட்டவணையின் ஒரு பக்கத்தை மட்டும் படித்திருக்கிறார் மனுஷன். ஆர்.சி.யின் கீழே எதுவரை செல்லும் என்று அச்சடித்திருக்கிறது. அந்த இடத்தில்தான் இவர் கட்டைவிரல் எப்போதும் இருக்கும். பதினைந்து வயசானால் எப்படியும் வருகிற செலவுதான் பாதி. ஆனால் ஒவ்வொன்றாக வந்திருக்கும். இப்போது எல்லாம் ஒரே வாரத்தில் சொந்தக்காரர்கள் மாதிரி மூட்டை முடிச்சோடு வந்து இறங்கின. மிச்சம் பிடித்தது அபராதத்துக்கே பத்தவில்லை.

"நல்ல கணக்கு. முப்பது வருஷம் அந்த மில்லு எப்பிடி ஓடுச்சோ" என்றேன். வெளியே வந்ததும் சொல்லியிருக்கலாம். அந்த அம்மா முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவர் ஃபைலின் நாடாவைக் கட்டினார். மூன்று முடிச்சுப் போட்டார். வளைகாப்புக்கு இரண்டே வாரம் இருந்தது. காலாவதியான வண்டியில் பிள்ளைத்தாச்சியை ஏற்ற மாட்டேன் என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார்.

முதலில் புகை. ஆலங்குளத்திலிருந்து வண்டியைக் கிளப்பி வந்தபோது பின்னால் வந்த ஆட்டு மந்தை காணாமல் போனது, அவ்வளவு கறுப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் பாய் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். பாதி ஆலங்குளம் கீழே கொட்டியது. எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிட்டு, "மூணு மாசம் நின்ன வண்டிண்ணே. உள்ள கரி அடைஞ்சு கெடக்கு. ஆளில்லாத ரோட்டுல ஒரு மணி நேரம் மிதிமிதின்னு மிதிச்சு ஓட்டிட்டு, சூடு ஆறாம புகை செக்கப்புக்குக் கொண்டு போங்க" என்றார்.

"வழியில யாரும் கேட்டா?"

"ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போறோம்னு சொல்லுங்க. அது உண்மைதான?"

ஆளில்லாத ரோடு என்று இவருக்குத் தெரிந்தது மலையடிவாரக் காட்டுக்குப் போகிற செண்பகத்தோப்பு ரோடுதான். நான் முன் சீட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் முப்பதுக்கு மேல் வண்டி ஓட்டாத மனுஷன் இரண்டாவது கியரில் காலை அழுத்தினார். கார் கதறியது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். மலை இருந்த இடத்தில் புகை இருந்தது. போனோம், திரும்பினோம், மறுபடி போனோம். நாலாவது தடவை காட்டிலாகாக்காரர்கள் இரண்டு பேர் பச்சை வேப்பங்கொப்பும் கையுமாக ஓடி வந்தார்கள். கோடை, காட்டில் தீ பிடிக்காமல் காவல் இருக்கிற சமயம். மேலே இருந்த ஆள் புகையைப் பார்த்துவிட்டு, ரோட்டோரம் தீ என்று போன் போட்டிருக்கிறான்.

மூத்தவர் மூச்சு வாங்கியபடி காரைச் சுற்றி வந்தார். "எங்க போறிய?"

என் வீட்டுக்காரர் காட்டைப் பார்த்துக் கைநீட்டி, "ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு" என்றார்.

அந்த மனுஷன் காட்டைப் பார்த்தார், காரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சம்பந்தி, வெண்கலப் பானை, அட்டவணை, கட்டைவிரல், ஒன்று விடவில்லை. அவர் கொப்பைக் கீழே போட்டுவிட்டு அப்படிச் சிரித்தார். "இனிம இங்க வராதிய. மான் எல்லாம் இருமுது" என்று சொல்லி அனுப்பினார்.

ஆனால் பாய் சொன்னது பலித்தது. புகைக் குழாயில் கருவியை விட்டு ஆக்ஸிலேட்டரை அழுத்தச் சொல்லி, நாலு தடவை பார்த்தார்கள். எண் வரம்புக்குள் வந்தது. இவர் அந்தத் திரையை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார். மகள் பிளஸ் டூ மார்க்கைக்கூட அவர் அப்படி எடுத்து வைத்ததில்லை. அப்புறம் எஃப்.சி., பசுமை வரி, வாழ்நாள் வரி, அபராதம். வளைகாப்புக்கு முந்தின நாள் தமிழ்நாட்டு நம்பர் பலகை மாட்டியாயிற்று.

அத்தோடு விட்டாரா? சீட்டுக்குப் புது ரெக்ஸின் உறை போட்டார். டீசல் வாடை மகளுக்கு ஆகாது என்று மல்லிகை வாசனைப் புட்டி ஒன்றைத் தொங்கவிட்டார். அது போதாதென்று ஊதுபத்தியும் கொளுத்திவைத்தார்.

வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. ராகு காலத்துக்கு முன்னால் கிளம்ப வேண்டும். சம்பந்தி வீட்டார் எல்லாரும் வாசலில் நிற்க, இவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளை வேட்டி, புது நம்பர் பலகையில் சந்தனப் பொட்டு. மகள் ஒரு காலை உள்ளே வைத்தாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, சாக்கடை ஓரம் குனிந்தாள். வளைகாப்பில் சாப்பிட்ட ஐந்து சாதமும் வந்துவிட்டது. மறுபடி முயன்றாள். மறுபடி குனிந்தாள்.

"அப்பா, நான் பஸ்ஸுல வாரேன்ப்பா. ஜன்னல்கிட்ட உக்காந்தா ஒண்ணும் செய்யாது" என்றாள், கண்ணில் தண்ணியோடு.

எனக்குத் தெரிந்து அவர் முகம் அப்படி விழுந்து பார்த்ததில்லை. கதவை மட்டும் விடவில்லை. "சரிம்மா. பஸ்ஸுல காத்து வரும்" என்றார்.

நானும் மகளும் பஸ்ஸில் ஏறினோம். கை நிறைய வளையலைப் பார்த்து ஆளாளுக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். பின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கார் வந்துகொண்டிருந்தது. பஸ் நின்றால் நின்றது, போனால் வந்தது. பஸ் விட்ட புகையெல்லாம் அவர் மேல்தான். ஒரு ஸ்டாப்பில் இடம் கிடைக்காத இரண்டு பேர் அவரிடம் போய்க் கேட்டார்கள். பின் சீட்டைக் காட்டி, மாட்டேன் என்று தலையாட்டினார். பாதி வழியில் டைம் இருக்கிறது என்று டிரைவர் பஸ்ஸைக் கொஞ்ச நேரம் நிறுத்தினார். பின்னால் இவர் இறங்கி, வாசனைப் புட்டியைப் பிய்த்து எறிந்தார். ரெக்ஸின் உறைகளை ஒவ்வொன்றாக உரித்து டிக்கியில் திணித்தார். வேட்டியெல்லாம் அழுக்கு. "அம்மா, அப்பா என்ன செய்றாவ?" என்று மகள் கேட்டாள். நான் பையைத் துழாவி ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் வீடு அரைக் கிலோமீட்டர். இறங்கியபோது கார் நின்றது, நாலு கதவும் திறந்து, கிழிந்த பழைய சீட்டில் பஞ்சு தெரிய. மகள் என் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை வாங்கி மூக்கில் வைத்துக்கொண்டு, போய் ஏறி உட்கார்ந்தாள். நானும் ஏறினேன்.

நாலு ஜன்னலையும் இறக்கிவிட்டு, நடக்கிற வேகத்தில் ஓட்டினார். கண்ணாடியில் மகளையே பார்த்துக்கொண்டு, "எப்பிடிம்மா இருக்கு?" என்றார்.

"ஏசி நல்லா இருக்குப்பா."

அந்த வண்டியில் ஏசி வாங்கும்போதே ஓடாது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். எங்கள் தெரு வந்தது. அவர் திரும்பவில்லை. தெருவைத் தாண்டி நேரே போனார், அடுத்த தெருவையும் தாண்டினார். நான் கைப்பிடியை விட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தேன்.