காலர் அட்டையில் ஒரு தெரு

அந்தத் தையல்கடையில் அவளுக்கு ஜிப் அக்கா என்று பெயர். எவ்வளவு பிடிவாதமான ஜிப்பும் அவள் கைக்கு வந்தால் வழிக்கு வந்துவிடும். வராதது கணவன் ஒருவன்தான். வெளிநாடு போனவன் முதலில் ஒழுங்காகப் பணம் அனுப்பினான். பிறகு ‘அடுத்த மாசம்’ என்றான். பிறகு அதைச் சொல்வதையும் விட்டுவிட்டான். பள்ளிக் கட்டணம் அப்படியெல்லாம் காத்திருக்குமா? மகளுக்கு ஜீவனாம்சம் கேட்டு அக்கா மனுப் போட்டாள்.

“நாடு மட்டும் தெரிஞ்சா போதாதும்மா. அங்க யார் போய்த் தேடுவாங்க? வீட்டு விலாசம் வேணும்,” என்றார் வக்கீலம்மா. “நோட்டீஸ் அவர் கைக்குப் போகலைன்னா கேஸ் நகராது. அடுத்த வாய்தாவுக்குள்ள கொண்டாங்க.”

போனில் கேட்டால், வீடு மாறிக்கொண்டே இருப்பதாக அவன் மழுப்பினான். மகளிடம் மட்டும் ஞாயிறுதோறும் பேசுவான். அவளை விட்டுக் கேட்கச் சொல்லலாம்தான். பெற்ற பிள்ளையை அப்பனிடமே வேவு பார்க்க விடுவதா என்று அந்த யோசனையை அக்கா அப்போதே தள்ளிவிட்டாள்.

அப்புறம்தான் பார்சல் ஞாபகம் வந்தது. மகளுக்கு ஷூ அனுப்பியிருந்தான். பாதி கால்கூட நுழையவில்லை. “அப்பாவுக்கு நான் இன்னும் யுகேஜிதாம்மா,” என்று அவள் சிரித்தாள். பெட்டியின் மேல் அனுப்பியவர் விலாசம் பெரிதாக ஒட்டியிருந்தது.

ஆனால் பெட்டி இப்போது எங்கே? நல்ல தடித்த அட்டை. தையல்காரி கண்ணுக்கு அது பெட்டியாகவா தெரியும்? வந்த மறுநாளே கடையில் வைத்துச் சட்டைக்கு அளவு அட்டைகளாக வெட்டித் தீர்த்திருந்தாள்.

ஆணியில் மாட்டியிருந்ததையெல்லாம் இழுத்துப் போட்டாள். காலர் அட்டையில் தெருப் பெயர் இருந்தது. பாக்கெட் அட்டையில் ஊரும் அஞ்சல் எண்ணும். கதவு எண் இருக்க வேண்டிய, கைமுனைக்கான கஃப் அட்டையைக் காணோம்.

“அண்ணே, என் கஃப் அட்டையப் பாத்தீங்களா?”

காஜா எடுப்பவர் தலையைத் தூக்கவில்லை. “அதுவா? டேபிள் ஆடிக்கிட்டே இருந்துச்சு. மடிச்சுக் காலுக்கடியில வெச்சேன்.”

“அய்யோ அண்ணே! என் புருஷன் அதுலதான் இருக்கான்!”

“அதான பாத்தேன், ஆட்டம் உடனே அடங்கிடுச்சு!”

இருவருமாக மேஜையைத் தூக்கினார்கள். நசுங்கிய அட்டையை அக்கா இஸ்திரி போட்டு நிமிர்த்தினாள். மூன்றையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டினாள். கழுத்து வளைவில் போயிருந்த இரண்டு எழுத்துகளைப் போன் வரைபடம் கொடுத்தது.

“சட்டையே தெச்சுடலாம் போலிருக்கே!” என்றபடி வக்கீலம்மா அதை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

மகளிடம் ஒளிக்க அக்காவுக்கு மனம் வரவில்லை. அப்பாவின் விலாசத்தை வக்கீலம்மாவிடம் கொடுத்ததை அன்று சாயங்காலமே சொன்னாள்.

“கோச்சுக்கிட்டு அப்பா பேசாம இருந்துட்டா?”

“இருந்தாலும் இருக்கலாம் கண்ணு. அதுக்காக உனக்குச் சேர வேண்டியத விட்டுக்குடுக்க முடியுமா?”

மகள் உள்ளே போய்விட்டாள்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. மகள் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதினாள். மூன்றாவது ஞாயிறு அது அடித்தது. எடுத்தவள், ஒரு வார்த்தை கேட்டதும் அம்மாவிடம் நீட்டினாள்.

“விலாசம் யார் குடுத்தா?” என்று அவன் கத்தினான்.

“நீதான் குடுத்த. ஷூ பெட்டி மேல.”

அடுத்துக் கத்த அவள் அவனுக்கு இடம் கொடுக்கவில்லை.

“வாய்தா தேதி நோட்டீஸ்லயே இருக்கும், பாத்துக்க. என்கிட்ட போடற சண்டைய அங்க வந்து போடு,” என்றாள் அக்கா. “இப்ப உன் பொண்ணுகிட்ட பேசு. மூணு வாரமா காத்துக்கிட்டிருக்கா.”

போனை மகள் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். அவன் வைத்துவிடவில்லை.