ஜன்னலோரப் படுக்கைக்காரர்

அந்த வார்டில் அவளை மிலிட்டரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அசைய முடியாத நோயாளிகளை இரண்டு மணிக்கொரு தரம் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது அவள் வேலை. முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. விரிப்பில் சுருக்கம் தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து.

"அக்கா டூட்டியில பொணம்கூட ஒரே பக்கமா படுத்திருக்க முடியாது" என்பார் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்.

"பேசினது போதும். அந்தக் காலைப் பிடிங்க."

ஒரு நாள் ஜன்னலோரப் படுக்கைக்குப் பக்கவாதம் வந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பேச்சு இல்லை, உடம்பில் அசைவும் இல்லை. முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய ஒரே மகனை வேனால் இடித்துக் கொன்றுவிட்டு நிறுத்தாமல் போனவர். சிறைக்குப் போய்த் திரும்பியவர்.

அவரை மன்னித்துவிட்டதாக அவள் தேவாலயத்தில் சபை முன் எழுந்து சாட்சி சொல்லியிருந்தாள். பலர் அழுதார்கள். சொன்னபோது அவளும் அதை நம்பினாள். அன்றைக்கு அவர் கண்ணில் படாமல் எங்கோ இருந்தார்.

விஷயம் தெரிந்த வார்டு சிஸ்டர் தனியாகக் கூப்பிட்டு, குழந்தைகள் வார்டுக்கு மாற்றிவிடுகிறேன், யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள் என்றார். அவள் வேண்டாம் என்றாள். சாட்சி சொன்னவள் ஓடிவிட்டாள் என்ற பேச்சு வரக்கூடாது என்பதும் அதில் கொஞ்சம் இருந்தது.

ஆனால் கை போகவில்லை. மற்ற எல்லாரையும் திருப்பினாள். ஜன்னலருகே வந்ததும் வேறு வேலை நினைவுக்கு வந்தது. அவர் மனைவிதான் கூடவே இருக்கிறாளே, பார்த்துக்கொள்வாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கடந்து போகும் ஒவ்வொரு முறையும் கட்டிலின் கால்மாட்டில் மகன் நின்றான். பிணவறையில் அவள் பார்த்த அதே சட்டை. அவரைத் திருப்பாமல் விடுவது அவனுக்காகச் செய்வது என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு இனித்தது.

மறுநாள் உடம்பு துடைக்கும் முறை வந்தபோது தப்ப வழியில்லை. துடைக்கையில் அவருடைய இடுப்பெலும்பின் மேல் ஒரு சிவப்பைக் கண்டாள். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்தினால் வெளுக்க வேண்டும்; இது வெளுக்கவில்லை. விட்டால் புண்ணாகும், புண் எலும்பு வரை போகும். யாராவது கேட்டால் பழியை நோயின் தலையில் போட்டுவிடலாம்.

விரிப்புகள் அடுக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஆண்டவரே, சபையில நான் சொன்னது வெறும் வாய்ப்பேச்சு. இப்பவும் எனக்கு மனசு வரல. நீர் சொன்னீர்ங்கிறதுக்காகத்தான் போறேன்."

சமாதானம் எதுவும் வரவில்லை. அப்படியே எழுந்து வந்தாள். சிஸ்டரைக் கூட்டிவந்து சிவப்பைக் காட்டி, தன் தவறு என்றாள். பிறகு அவர் மனைவியின் பக்கம் திரும்பினாள்.

"உங்க வீட்டுக்காரரை நான் திருப்பாம விட்டுட்டேம்மா. மறந்து இல்ல. யாருன்னு தெரிஞ்சுதான்."

அந்தப் பெண் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க யாருன்னு அவருக்கும் தெரியும்க்கா. நீங்க இந்தப் பக்கம் வந்தாலே கண்ணை மூடிக்கிறாரு."

அப்போதும் மூடித்தான் இருந்தார். அவள் ஒரு கையை அவர் தோளுக்கடியிலும் இன்னொன்றை இடுப்புக்கடியிலும் கொடுத்துத் திருப்பினாள். மகனைக் கடைசியாகத் தூக்கியபோதும் இதே கனம்தான். இந்த உடம்பில் மூச்சு இருந்தது.

"வலிச்சா கண்ணைத் தொறங்க" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் திறந்தார்.

மகன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். அவள் அவனைத் தாண்டிக் கையை நீட்டி, முழங்கால்களுக்கு நடுவில் வைக்க வேண்டிய தலையணையை எடுத்தாள்.