அரைத்தட்டு முந்தி

ஒலிப்பதிவு ஸ்டுடியோவில் அவருக்கு முந்திரி என்று பெயர். முந்திரிக்கொட்டையின் சுருக்கம். எதிரில் இருப்பவர் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவார். பேருந்து நிற்பதற்குள் இறங்கப் பார்ப்பார். அவருடைய கல்யாணப் படங்களில் இருப்பது, எல்லோருக்கும் முன்பே சிரித்து முடித்துவிட்ட முகம்.

பெயர் வந்தது ஒரு தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசையால். எட்டு வயலின்கள் சேர்ந்து நுழைய வேண்டிய இடத்தில் இவர் மட்டும் தாளத்தில் அரைத்தட்டு முந்தி வில்லை இழுத்துவிட்டார். இசையமைப்பாளர் கொஞ்சம் யோசித்தார். "இருக்கட்டும். நல்லாருக்கு" என்றார்.

தொடர் வந்த முதல் நாளே மனைவி கண்டுபிடித்தாள். "தனியா கேக்குதே, அது நீங்கதானே?"

"நான் சரியாத்தான் வந்தேன். மத்தவங்கதான் லேட்டு."

அதற்குப் பிறகு எத்தனையோ பதிவுகளில் வாசித்தார். தான் வாசித்தது தனக்கே அடையாளம் தெரிகிற இடம் அது ஒன்றுதான்.

வருடங்கள் ஓடியதில் அந்த இசையின் மூல நாடாவில் பூஞ்சை பிடித்துவிட்டது. தொடரை மறுபடி ஒளிபரப்ப, முகப்பிசையைப் புதிதாகப் பதிவு செய்தார்கள். நடத்தியது இசையமைப்பாளரின் மகள். யார் வீட்டிலோ கிடைத்த மங்கலான பிரதியைக் கேட்டு அப்படியே எழுதி வைத்திருந்தாள்.

அவரையும் சேர்த்து எட்டு பேரும் அரைத்தட்டு முந்தி, ஒன்றாக நுழைந்தார்கள். கச்சிதம். அதில் அவர் இல்லை.

"இது தப்பும்மா" என்றார்.

"பழசுல இருக்கறபடிதானே எழுதியிருக்கேன், அங்கிள்?"

"பழசே தப்புதான். அதுல நான் மட்டும் முந்தினேன். இப்ப எல்லாரையும் முந்த வச்சுட்டே."

"முந்திரித் தோப்பே ஆயிட்டோம்" என்றார் பக்கத்து வயலின்காரர்.

மகள் பிரதியை மறுபடி கேட்டாள். "ஆமா. சரி, நீங்க மட்டும் முந்துங்க."

முந்தச் சொன்னதும் அவரால் முந்த முடியவில்லை. கை உஷாராகிவிட்டது. ஒரு தடவை மற்றவர்களோடு வந்தார். அடுத்த தடவை அவர்களுக்கும் பிந்தினார்.

"யோவ், வேணாங்கறப்ப ஓடுவே. வேணுங்கறப்ப நொண்டுறியே" என்றார் பக்கத்து வயலின்காரர்.

ஸ்டுடியோ நேரம் முடியப்போகிறது, இன்னொரு தடவை தவறினால் முதலில் எடுத்ததையே வைத்துக்கொள்வதாகச் சொன்னாள் மகள்.

அவரேதான் வழியும் சொன்னார், பக்கத்து வயலின்காரர். "தாள்ல எழுதின இடத்துலயே இவன் வரட்டும். முந்துறதா நினைக்கவே வேணாம். நாங்க அரைத்தட்டு பிந்திக்கிறோம்."

அப்படியே எடுத்தார்கள்.

ஒளிபரப்பான மாலை, மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இசை தொடங்கியதும் கை நின்றது.

"பழசு மாதிரி இல்லீங்க. எல்லாத்தையும் கழுவிக் கவுத்து வச்ச மாதிரி இருக்கு."

தனி வயலின் வந்தது. அவள் சிரித்தாள்.

"நீங்க இருக்கீங்க. வழக்கம்போல அவசரமா."

"இந்தத் தடவை நெஜமாவே நான் சரியாத்தான் வந்தேன். மத்தவங்கதான் லேட்டு."

"என்னிக்குத்தான் வேற சொல்லியிருக்கீங்க?" என்று அவர் சட்டையை எடுத்து மடித்தாள்.