காய்ந்த ரோஜாவுக்குத் தண்ணீர் தெளித்த கதை

என் மகள் கல்யாண மாலைப் பூக்களைக் காயவைத்து, கண்ணாடி மாதிரி இறுகும் ரெசின் பசையில் பதித்து, சுவரில் மாட்டும் படமாகச் செய்து தருகிறாள்.

இன்று காலை அவள் ரெசின் வாங்க அம்பத்தூர் போயிருந்தாள். மேசைமேல் ஒரு தட்டு ரோஜா வாடிக் கிடந்தது. வாடிய பூவைக் கண்டால் சும்மா இருக்கிற கையா இது? தண்ணீர் தெளித்து, ஈரத்துணி போட்டு மூடி, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன்.

வந்து பார்த்தவள் அலறினாள். "இன்னா நைனா பண்ணி வெச்சிருக்க? ரெண்டு வாரமா காய வெச்சது. ஈரம் பட்டா கறுத்துடும்!"

நடந்து முடிந்த கல்யாணத்தின் மாலையை இனி எந்தக் கடையில் போய் வாங்குவது?

மாலைக்குச் சொந்தக்காரியான காட்டுப்பாக்கத்துப் பெண்ணுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தாள். "நீயே சொல்லு."

சொன்னேன்.

"அங்கிள், எங்க வீட்டுக்காரர் மாலைய எங்கப்பா இப்படித்தான் தண்ணி தெளிச்சே அழுக வெச்சாரு. அதுக்கு பயந்துதான் என்னோடத உங்ககிட்ட குடுத்தேன்."

பெருமூச்சு விட்டாள். "சரி, தேறினத வெச்சு பண்ணச் சொல்லுங்க."

தேறியது பன்னிரண்டு இதழ்.

அவள் அப்பா நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இன்னும் இப்படிப்பட்ட அப்பாக்கள் யாராவது இருந்தால் கமெண்டில் கை தூக்குங்கள், குரூப்பே ஆரம்பித்துவிடலாம்.