ஜெயரா என்று தொடங்கும் பெயர்

சென்ற நவம்பரில் ஒரு சனிக்கிழமைக் காலை, கீழ்வீட்டு அன்னலீஸ் வந்து என் வீட்டு அழைப்பு மணியை அழுத்தினார். நெதர்லாந்தில் முன்கூட்டிச் சொல்லாமல் யாரும் யார் வீட்டு மணியையும் அழுத்துவதில்லை. மணி அடித்தாலே ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றிவிடும். "உங்கள் வீட்டில் எங்கோ தண்ணீர் பீறிட்டு அடிக்கிறது. இரண்டு வாரமாகக் கேட்கிறேன்" என்றார். தண்ணீர் ஒன்றுமில்லை. இணையத்தில் பழைய தமிழ் வானொலி நிகழ்ச்சிகளைத் தேடித் தேடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது சிற்றலை வானொலியின் இரைச்சல். "வானொலி" என்றேன். "கபொட்?" என்றார். கபொட் என்றால் பழுதானது. பழுதில்லை, முப்பது வருடத்துக்கு முந்தைய ஒலிபரப்பு, இரைச்சல் அதன் கூடப்பிறந்தது என்று விளக்க ஆசைதான். அதற்கு வேண்டிய டச்சு என்னிடம் இல்லாததால் தலையை நம் பாணியில் இரண்டு பக்கமும் ஆட்டிவைத்தேன். மறுநாள் வாசலில் ஒரு புது டிஜிட்டல் வானொலி இருந்தது. மேலே, நோயாளிகளுக்குக் கொடுக்கும் "சீக்கிரம் குணமாகட்டும்" அட்டை. குணமாக வேண்டியது வானொலியா நானா என்பதை அட்டையில் தெளிவுபடுத்தவில்லை.

எதற்காக இந்தத் தேடல் என்று கேட்பீர்கள். தற்பெருமைக்குத்தான். உட்ரெக்ட் வட்டாரத் தமிழர்கள் நடத்தும் பொங்கல் விழாவில் என்னை "எழுத்தாளர்" என்றுதான் அறிமுகப்படுத்துவார்கள். நான் எழுதியது மொத்தம் நான்கு கட்டுரை, மூன்று வரவேற்புரை. ஆனாலும் "பதினேழு வயதிலேயே இவருடைய கடிதம் கடல் கடந்த வானொலியில் ஒலித்தது" என்ற ஒரு வாக்கியம் என் பெயருக்குப் பின்னால் பட்டம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டியவன் நான்தான். இந்த முறை விழாச் செயலாளர் சுகந்தி, "அண்ணா, அந்த ஒலிப்பதிவு எங்கயாவது கிடைச்சா மேடையில போடலாமே" என்று கேட்டுவிட்டார். "கிடைக்காமலா போகும்?" என்றேன். அந்த வாயை அன்றே தைத்திருக்க வேண்டும்.

கோலார் தங்க வயலில், ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் ஒன்றில் நாங்கள் இருந்தோம். அப்பா (நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம்) நந்திதுர்க் சுரங்கத்தில் பாறையில் துளைபோடும் எந்திரம் பிடித்தவர். அக்கா ஜெயராணி என்னைவிட ஒன்றரை வயது பெரியவள். நான் ஜெயராஜ். ஒரு தாளில் மகன் பெயரையும் மகள் பெயரையும் எழுதும்போது பாதிவரை யோசிக்கத் தேவையில்லை என்று அப்பா இப்படி வைத்திருப்பார் போலும். எங்கள் வானொலிப் பெட்டி ஜன்னல் கட்டையில் இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி கூரைக்குப் போகும். மாலையில் வெளிநாட்டு நிலையம் ஒன்றின் தமிழ்ச் சேவை அரை மணி நேரம் கிடைக்கும், காற்றுக்கு மனமிருந்தால். "உங்கள் வீட்டு வானொலி" என்ற தலைப்பில் நேயர்களிடம் கடிதம் கேட்டபோது நாங்கள் இருவரும் எழுதினோம். தனித்தனியாக எழுதி, ஒருவருக்கொருவர் காட்டாமல், ஒரே உறையில் போட்டு அனுப்பினோம்.

சில வாரம் கழித்து ஒரு மாலை அறிவிப்பாளர் அம்மையார், "கோலார் தங்க வயல், ஊரிகத்திலிருந்து ஜெயரா..." என்றார். அந்த இடத்தில் இரைச்சல் வந்து மீதியை விழுங்கிவிட்டது. பின்னால் வந்த கடிதத்தில் பத்துக்கு இரண்டு சொல்தான் காதில் விழுந்தது. அது போதுமானதாக இருந்தது. "ஜெயராஜி லெட்டரு ரேடியோல வந்திச்சு!" என்று பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தாண்டிக் கத்தினார். லைன் முழுக்க அதுவே பரவியது. அக்கா மட்டும், "என்னுது மாதிரி இருந்துச்சுடா. 'கையால'ன்னு ஒரு வார்த்தை வந்துச்சே, அது நான் எழுதுனது" என்றாள். எனக்கும் அந்தச் சொல் கேட்டது. என் கடிதத்தில் கை, கால் எதுவும் இல்லை என்பதும் எனக்கு நினைவிருந்தது. மறு மாதம் அந்த நிலையத்திலிருந்து ஒரு காலண்டர், ஜெயராஜ் என்று பெயரிட்டு, தபாலில் வந்தது. "உனுக்கு வந்துச்சா காலண்டர்?" என்று அக்காவைக் கேட்டேன். அவள் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என் சந்தேகத்தை நானும் அந்தக் காலண்டரைத் தொங்கவிட்டு மூடிவிட்டேன்.

இது இத்தோடு முடிந்திருந்தால் சிறுபிள்ளைச் சண்டை. அந்த வருடம் சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு பலமாக இருந்தது. பெங்களூரில் விடுதியில் தங்கிப் படிக்க ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்ற நிலை. மதிப்பெண் அக்காவுக்கு அதிகம். ஆனால் அப்பா, "இவன் எழுத்து கடல் தாண்டிப் போயி வந்துகீது. இவன் படிக்கட்டும்" என்று முடித்துவிட்டார். நான் தகரப் பெட்டியோடு பெங்களூருக்குப் போனேன். அக்கா அதே பெங்களூருக்குத் தினமும் விடியற்காலை ரயிலில் போய்த் திரும்பினாள், ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கு.

அந்த ஒலிப்பதிவைத் தேடி இணையத்தின் ஆளரவமற்ற சந்துகளில் ஒரு மாதம் அலைந்தேன். பலர் இறந்துவிட்ட கருத்துக்களங்கள், திறந்தால் எழுத்துக்குப் பதில் கொக்கி கொக்கியாகக் காட்டும் பழைய எழுத்துருப் பக்கங்கள், இன்னமும் "புதியது!" என்று மினுக்கிக்கொண்டிருந்த பத்தொன்பது வருடப் பழைய அறிவிப்புகள். கடைசியில் வாலாஜாபேட்டையைச் சேர்ந்த டேப் ரெக்கார்டர் மெக்கானிக் ஒருவரின் பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். மனிதர் ஊரில் கிடைத்த சிற்றலை நிகழ்ச்சிகளையெல்லாம் கேசட்டில் பதிந்து, பின்னாளில் கணினிக்கு மாற்றி, ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதி வைத்திருந்தார். "மழை. ஒலி சுமார்." "நல்ல தெளிவு. நடுவில் பக்கத்து வீட்டு மிக்சி." நன்றி சொல்ல அவருடைய மின்னஞ்சலுக்கு எழுதினேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது.

"நேயர் கடிதம். மிக நல்ல தெளிவு" என்றிருந்த கோப்பில் அம்மையார் பேசினார். "கோலார் தங்க வயல், ஊரிகத்திலிருந்து ஜெயராணி எழுதுகிறார்." ராணி. அந்த மெக்கானிக்கின் பெட்டியில் ஓர் இரைச்சலும் இல்லை. "எங்கள் அப்பாவுக்குத் துளையிடும் எந்திரத்தின் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. வேலை முடிந்து வந்ததும் வானொலிப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்காருவார். பாட்டு வந்தால் ஒரு மாதிரி அதிரும், பேச்சு வந்தால் வேறு மாதிரி அதிரும். எங்கள் வீட்டில் நாங்கள் வானொலியைக் காதால் கேட்கிறோம், அப்பா கையால் கேட்கிறார்." நானும் அதே வீட்டில்தான் இருந்தேன். அப்பா பெட்டிமேல் கை வைப்பதைத் தினமும் பார்த்தேன். சூடாகியிருக்கிறதா என்று பார்க்கிறார் என்றே நினைத்திருந்தேன். நிகழ்ச்சியின் முடிவில் என் பெயரும் வந்தது: "காலண்டர் கேட்டு எழுதியவர்கள்" பட்டியலில், பதினோராவதாக. என் கடிதம் இப்போது முழுசாக ஞாபகம் வந்தது. தங்கள் குரல் தேன், காலண்டர் ஒன்று அனுப்பவும்.

பொங்கல் மேடையில் என்ன செய்தேன் தெரியுமா? "தொழில்நுட்பக் கோளாறு" என்றேன். கணினி வேலையில் பதினெட்டு வருடம் இருப்பவன் சொன்னால் நம்பத்தானே வேண்டும். எல்லோரும் அனுதாபத்தோடு கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலையும் வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரலில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊரிகம் போனேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலுக்குப் போய்வந்த அக்கா ஆட்டுக்கறியை அடுப்பில் வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். விமானத்தில் மூன்று விதமாக ஒத்திகை பார்த்த வசனம் எதுவும் வாயில் வரவில்லை. போனை மேசையில் வைத்து அழுத்தினேன். தன் பெயர் வந்ததும் அவள் கத்தியைக் கீழே வைத்தாள். முழுவதும் கேட்டாள்.

"இன்னொருவாட்டி போடு."

போட்டேன்.

"அந்தம்மா நல்லா படிச்சிருக்காங்க இல்ல?" என்றாள். பிறகு, "நான்தான்னு எனக்குத் தெரியும்டா. நைனா உசுரோட இருக்கசொல்ல இத்த கண்டுபுடிச்சிருக்கக் கூடாதா?"

"அவருக்குக் கேட்டிருக்காதேக்கா" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"கையால கேட்டிருப்பாரு" என்றாள்.

போனை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். "எனக்கும் அன்னிக்கே சந்தேகம்தான். தெரிஞ்சேதான் வாய மூடிக்கினு இருந்தேன்" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நான் ஒரு வருசம் உன்கூட சரியா பேசல. ஞாபகங்கீதா?"

ஞாபகமில்லை. விடுதிக்கு வந்த வீட்டுக் கடிதங்களில் அவள் கையெழுத்து இல்லாததைக்கூட நான் கவனிக்கவில்லை.

"அப்புறம் போட்டும்னு உட்டுட்டேன். நான் படிக்கப் போயிருந்தா நீ இன்னா பண்ணிருப்ப சொல்லு?"

"பங்காருபேட்டைல செல்போன் கடை வெச்சிருப்பேன்."

"அதையும் உனுக்காக யார்னா பாத்துக்கணும்" என்று சிரித்தாள். சிரித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்று நானும் எடுத்துக்கொண்டேன். "அங்க இருக்கறவங்க கிட்ட யாரு எழுதுனதுன்னு சொன்ன?"

சொன்னேன்.

"போயி மாத்திச் சொல்லு" என்றாள். குழம்பு கொதித்தது. எழுந்து போய்விட்டாள். உட்ரெக்ட் தமிழர்களே, இதோ மாற்றிச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை அவளுடன் நானும் பெங்களூர் ரயிலில் ஏறினேன். அவளுக்கு அதில் முப்பது வருட இடம் உண்டு, ஜன்னலிலிருந்து இரண்டாவது. ரயில் நகர்ந்ததுமே ஒரு பெண் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "ராணிக்கா, ஸ்கூல் டிசி கேட்டு எழுதிகீறேன், கொஞ்சம் பாத்து குடுங்க." அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். இரண்டு வரியை அடித்து ஒரு வரி எழுதினாள். அதற்குள் இன்னொருத்தி, பக்கத்தில் கன்னடத்தில் இன்னொருத்தி. அந்தப் பெட்டியில் ஓய்வூதியம், பட்டா, கணவர் மீது புகார், எது எழுத வேண்டுமானாலும் ராணிக்காவிடம்தான் வரும் என்று எதிரில் இருந்தவர் சொன்னார். எனக்கு இது தெரியவே தெரியாது. வாரா வாரம் போனில் பேசியும், அவளிடம் ரயில் நேரத்துக்கு வந்ததா என்பதற்கு மேல் நான் எதையும் கேட்டதில்லை.

"இவரு யாரு?" என்றார்கள்.

"என் தம்பி. ஹாலந்துல கீறான்."

"எங்க எறங்கணும் அவரு?"

அக்கா என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். விமானத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. பெங்களூரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. சும்மா கூட வந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதற்குள் ஒரு பெண் "ஸ்வல்ப ஜருகி" என்று மற்றவர்களை நெருக்கி, மூன்று பேர் சீட்டில் ஐந்தாவதாக எனக்கு ஓர் ஓரம் ஒதுக்கிக் கொடுத்தாள். உட்கார்ந்தேன். ஒரு தொடை சீட்டில், மற்றது நடைவழியில். போகிறவர் வருகிறவரெல்லாம் என் முழங்காலை இடித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் கன்னடத்தில் திட்டினார், ஒருவர் தமிழில் மன்னிப்புக் கேட்டார். கால் மரத்துப்போயிற்று. எழுந்தால் இந்த ஓரமும் மூடிக்கொள்ளும் என்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.