பெயர் கூப்பிடாத கூட்டம்

எங்கள் பெரியம்மாவுக்குத் தெரிந்த ஒரே கூட்டம் பெரட்டுதான். விடிந்ததும் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வரிசையில் நிற்க, கண்டாக்கு ஐயா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, இன்னார் இன்ன மலைக்கு என்று வேலை பிரிப்பார். தன் பெயர் வந்ததும் "இருக்கேங்க" என்று சொல்லிவிட்டு, மனக்குறை ஏதும் இருந்தால் கையோடு கொட்டிவிடலாம். பெயர் வருமுன் வாய் திறப்பது மரியாதையில்லை. பெரியம்மா இந்த முறையை ஒருநாளும் மீறியதில்லை. அவள் பெயரைக் கூப்பிடுமுன் கண்டாக்கு ஐயா ஒரு பெருமூச்சு விடுவார் என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நான் நாலாம் ஆண்டு படித்தபோது, நாங்கள் குடியிருந்த லயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே இருந்த பலகைப் பாலத்தை மழை அடித்துக்கொண்டு போய்விட்டது. தோட்டத்து ஆபீசில் கேட்டால் பிரதேச சபையைக் கேளுங்கள் என்றார்கள். சபையில் கேட்டால் அது தோட்டத்துப் பாலம் என்றார்கள். நாங்கள் சப்பாத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கிப் போனோம். எங்களுக்கென்ன, கொண்டாட்டம்தான். ஒருநாள் தண்ணீர் கூடிவந்து ஒரு சின்னப் பிள்ளையை இழுத்துப் போனது. கீழே மூங்கில் புதரில் மாட்டியதால் பிள்ளை பிழைத்தது.

"ஓட்டுக் கேட்டு வந்தவங்க எல்லாம் அங்கதானே உக்காந்திருக்காங்க? நேராப் போயிக் கேட்டா கடிச்சுத் தின்னுடவா போறாங்க?" என்றாள் பெரியம்மா.

சபைக் கூட்டத்தை யாரும் போய்ப் பார்க்கலாம் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். டவுன் கடையில் ரோல்ஸ் தின்னக் கிடைக்கும் என்ற ஆசையில் நானும் ஒட்டிக்கொண்டேன்.

பின்னால் இருந்த வாங்கில் உட்கார்ந்தோம். செயலாளர் உறுப்பினர்களின் பெயர்களை வாசிக்கத் தொடங்கியதும் பெரியம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா, நம்ம பெரட்டு மாதிரியேதான்" என்று என் காதில் சொன்னாள்.

கடைசிப் பெயர் வரை பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு எழுந்தாள்.

"ஐயா, என் பேரு விட்டுப்போச்சுங்களே!"

சபை குலுங்கிச் சிரித்தது. எனக்கு மானமே போய்விட்டது.

"பாக்க வந்தவங்க பேசக்கூடாதும்மா, உக்காருங்க" என்றார் செயலாளர்.

"ஓட்டுப் போடுறப்ப மட்டும் என் பேரு இருந்துச்சுல்லங்க? பாலம் இல்லாம எங்க பிள்ளைக ஆத்துல எறங்கிப் போகுதுக. ஒன்னு செத்தாத்தான் வருவீங்களா?"

சிரிப்பு நின்றது. அதுவரை குனிந்திருந்த தலைவர் நிமிர்ந்து, பேனாவைக் கையில் எடுத்தார்.

"எந்தத் தோட்டம்மா? எந்த லயம்?"

ஐயோ, அந்தக் கேள்வி எனக்கு நன்றாகத் தெரியும்! விறகு பொறுக்கப் போய், காவலுக்கு நிற்கும் வாச்சரிடம் மாட்டினால் அவர் முதலில் கேட்பது அதுதான். அதை எழுதிக்கொண்டு போய் ஆபீசில் கொடுப்பார், மறுநாள் பெரட்டில் அப்பாவுக்கு ஏச்சு விழும். பெரியம்மாவையும் எழுதிக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று பயந்துபோனேன். அவள் சேலையைப் பிடித்து இழுத்து, "சொல்லாதீங்க பெரியம்மா! வாங்க, வீட்டுக்குப் போயிருவோம்!" என்று ஓவென்று அழுதேன்.

பெரியம்மா தலைவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சமாதானம் சொல்லிப் பார்த்தாள். நான் அடங்குவதாயில்லை.

"பிள்ள பயப்படுதுங்க" என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். உள்ளே அடுத்த விஷயத்தை வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ரோல்ஸ் வாங்கித் தந்தாள். நானோ, பெரியம்மாவைக் காப்பாற்றியதே நான்தான் என்று லயம் முழுக்க அளந்துவிட்டேன். அவள் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள். பாலம் வர மேலும் மூன்று மழைக்காலம் ஆனது.

இன்றைக்கும் அதை நினைத்துப் பார்க்கிறேன். செயலாளர் சொல்லியும் அவள் உட்காரவில்லை. அத்தனை பேர் சிரித்தும் அசையவில்லை. தலைவர் பேனாவை எடுத்தது அவள் சொல்வதை எழுதிக்கொள்ளத்தான் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. அந்தச் சபையில் பெரியம்மாவின் வாயை அடைத்தது நான் ஒருத்திதான்.